தாடை மூட்டு நோவுக்கு எந்த ஊசி? போடுவதற்கு முன்னர் அறிய வேண்டியவை



எமது சங்கத்தின் பொங்கல் விழாவில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தபோது ஒரு சகோதரி மருத்துவப் பகுதிக் குழுவினரான எம்மிடம் வந்து ஒரு காகிதத்தைக் காட்டினார். ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்பவர் அவர். காதுக்கு முன்னால் பல மாதங்களாக நோ. பல்லைக் கடித்தபடி எழும்புகிறார், முறுக்குக் கடிக்க முடியவில்லை, கொட்டாவி விடவே பயமாக இருக்கிறது. "பல் வைத்தியர் பொட்டொக்ஸ் போடலாம் என்று விலை எழுதித் தந்திருக்கிறார். என்னோடு வேலை செய்யிற பிள்ளை மூட்டுக்குள்ளே ஸ்டீரொயிட் போட்டால்தான் சரிவரும் எண்டு சொல்லுது. சென்னையில் இருக்கிற மச்சாள் தன்னுடைய இரத்தத்தையே எடுத்துத் திரும்ப ஊசியாகப் போட்டவவாம். எனக்கு எது நல்லது?" என்று கேட்டார். காகிதத்தில் இருந்த தொகை அவருடைய அரை மாதச் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது.

அவருக்கு அந்த இடத்தில் எம்மால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் இந்த இதழில் சற்று விரிவாக எழுதுகிறோம். இக்கட்டுரை வைத்தியரின் இடத்தைப் பிடிக்காது. வைத்தியரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ள உதவினால் அதுவே எமக்குப் போதும்.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

இரண்டு சுட்டுவிரல்களையும் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்குக் கீழே உருண்டை போல ஒன்று அசைவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கதைக்கும்போதும், சாப்பிடும்போதும், விழுங்கும்போதும், கொட்டாவி விடும்போதும் அது வேலை செய்கிறது. கதவுப் பிணைச்சல் போலச் சுழல்வதோடு நில்லாமல், வாயை அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கியும் போகிறது.

மேல் எலும்புக்கும் கீழ் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற ஒரு சிறு தட்டு உண்டு. அந்தத் தட்டு மூட்டை மேல் அறை, கீழ் அறை என இரண்டாகப் பிரிக்கிறது. மேல் அறைக்குள் சுமார் 1 மில்லிலீற்றர் திரவந்தான் கொள்ளும். இவ்வளவு சிறிய இடத்தில் ஊசியைச் சரியாக இறக்குவதற்குப் பழகிய கை வேண்டும் என்பதை இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

மூட்டை அசைப்பவை தசைகள். கன்னத்தில் இருக்கும் கடிக்கும் தசையும், நெற்றிப்பொட்டில் விசிறி போல விரிந்திருக்கும் தசையும் இவற்றில் முக்கியமானவை. பல்லை இறுகக் கடித்தால் இரண்டும் விரலுக்குக் கீழே புடைப்பதை உணரலாம்.

நோ எங்கிருந்து வருகிறது?

தாடை மூட்டு நோ என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் வேறுவேறு வருத்தங்கள் உண்டு. அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனம் இவை மக்களில் 5 முதல் 12 சதவீதம் வரையானோருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு இவற்றை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் போதும்.

முதலாவது, தசை நோ. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் அழுத்தினால் நோகும். காலையில் எழும்போது தாடை களைத்துப்போய் இருக்கும். மன அழுத்தம், நித்திரைக் குறைவு, பல் நறநறவெனக் கடித்தல் ஆகியவற்றுடன் கூடிவரும். வருபவர்களில் பெரும்பாலானோர் இந்த வகையினரே.

இரண்டாவது, மூட்டு நோ. காதுக்கு முன்னால் விரல் நுனியால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் நோகும். உள்ளே அழற்சி இருக்கலாம், குருத்தெலும்பு தேய்ந்திருக்கலாம், அல்லது இடையில் உள்ள தட்டு விலகி வாய் முழுவதும் திறக்க முடியாமல் பூட்டிக்கொள்ளலாம். பெரியவர் ஒருவருக்கு வாய் சாதாரணமாக 40 மில்லிமீற்றர் அளவுக்குத் திறக்க வேண்டும். தன்னுடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

மூன்றாவது, தளர்ந்த மூட்டு. கொட்டாவி விட்டவுடன் தாடை முன்னால் கழன்று, வாயை மூட முடியாமல் நிற்பது. சிலருக்கு இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வாயைத் திறக்கும்போது 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்டு, நோவும் இல்லை, பூட்டிக்கொள்வதும் இல்லை என்றால் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை. சத்தத்தை நிறுத்துவதற்காக ஊசி போடுவது வீண் செலவு.

தாடை நோ எல்லாம் தாடை மூட்டு நோ அல்ல

ஊசியைப் பற்றி யோசிக்க முன்னர் வேறு சில வருத்தங்கள் இல்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும்.

நடக்கும்போதோ படியேறும்போதோ தாடை நோவு வந்து, ஓய்ந்தால் குறைகிறதா? நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்கல், வியர்வை, சத்தி வருவது போன்ற உணர்வு கூட இருக்கிறதா? அது இருதயமாக இருக்கலாம். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலும் வரக்கூடும். பல் வைத்தியரைத் தேடாமல் உடனே 911ஐ அழையுங்கள்.

50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக நெற்றிப்பொட்டில் தலையிடி, மென்று சாப்பிடும்போது தாடை களைத்து நோதல், தலைவாரும்போது உச்சந்தலை நோதல், பார்வை மங்குதல் ஆகியவை வந்தால் அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை நிரந்தரமாகப் போகக்கூடும். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

எமது சமூகத்துக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று வெற்றிலை பாக்கு. பல வருடங்கள் பாக்குச் சப்பியவர்களுக்குக் கன்னத்தின் உட்தோல் மெல்ல மெல்ல வெளிறி, நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். உறைப்புக் கறி பட்டால் வாய் எரியும். இதை மூட்டு வருத்தம் என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. பிற்காலத்தில் வாய்ப் புற்றுநோயாக மாறக்கூடிய நிலை இது. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் உறுதியாகக் கூறியது. இந்த வருத்தத்துக்கும் கன்னத்துக்குள் ஊசி போடுவார்கள். ஆனால் அது வேறு மருந்து, வேறு இடம். அப்பா அம்மா யாருக்காவது வாய் திறப்பது குறைந்து வருகிறது என்றால், அவர்கள் பாக்குப் போடுபவர்கள் என்பதைப் பல் வைத்தியரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இங்குள்ள வைத்தியர்கள் பலர் தாமாக அதைக் கேட்க மாட்டார்கள்.

இவை இல்லை என்று தெரிந்த பின்னரே ஊசிகளின் கதை ஆரம்பிக்கிறது.

தசைக்குப் போடும் ஊசிகள்

*முடிச்சு ஊசி.* இறுகிப்போன தசையில் விரலால் தொட்டால் கயிறு போல ஒரு முடிச்சுத் தட்டுப்படும். அந்த இடத்தில் பல் வைத்தியர் பயன்படுத்தும் விறைப்பு மருந்தைச் சிறிதளவு போடுவதே இது. சிலர் மருந்தே இல்லாமல் வெறும் ஊசியால் குத்தி முடிச்சை இளக்குவார்கள். இத்தகைய முடிச்சுகளை விரிவாக விளக்கிய ஜனெற் ட்ரவெல் என்ற வைத்தியர் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு வைத்தியராக இருந்தவர். செலவு குறைவு, ஆபத்தும் குறைவு. பலன் சில மணி நேரத்திலிருந்து சில வாரங்கள் வரை நிற்கும். அந்த இடைவெளியில் தசையை இழுத்துப் பயிற்சி செய்தால்தான் பயன். ஊசியைப் போட்டுவிட்டுப் பழையபடி பல்லைக் கடித்தால் முடிச்சுத் திரும்பி வரும்.

*பொட்டொக்ஸ்.* முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை இது தடுக்கிறது. போட்டுச் சில நாட்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் தசை பலம் குறையும். மூன்று நான்கு மாதங்களில் மருந்தின் வேகம் தீர்ந்துவிடும். பிறகு திரும்பப் போட வேண்டும். செலவைக் கணக்கிடும்போது ஒரு தடவைக்கான விலையை மட்டும் பார்க்காமல் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை என்று பெருக்கிப் பாருங்கள்.

நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்குப் பொட்டொக்ஸ் அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. தாடை மூட்டு நோவுக்கென்று கனடாவில் அங்கீகாரம் இல்லை. வைத்தியர் தன் முடிவின்படி கொடுக்கலாம், அது சட்டவிரோதம் அல்ல. ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணானவை. சிலவற்றில் நோ குறைந்தது. வேறு சிலவற்றில் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. இறைச்சி போன்றவற்றை மெல்லக் கஷ்டம், சிரிப்பு ஒரு பக்கம் கோணுதல், கன்னம் ஒடுங்குதல் ஆகியவை பக்கவிளைவுகள். திரும்பத் திரும்பப் போட்டால் தசை வேலை செய்யாததால் தாடை எலும்பு மெலியலாம் என்ற கவலையும் விலங்கு ஆய்வுகளிலிருந்து எழுந்துள்ளது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், நரம்பு தசை இணைப்பைப் பாதிக்கும் வருத்தம் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும்.

மூட்டுக்குள் போடும் ஊசிகள்

*ஸ்டீரொயிட்.* மூட்டு அழற்சியை அடக்கும் பழைய மருந்து. மலிவானது, பல இடங்களில் கிடைப்பது. முழங்காலுக்கும் தோளுக்கும் போடுவது போலத் தாடைக்கும் போடுகிறார்கள். வாதத்தால் வரும் அழற்சியில் சிலருக்கு விரைவான ஆறுதல் தரும். ஆனால் சாதாரண மூட்டு நோவில் இதன் பலன் சந்தேகத்துக்குரியது. சுவீடனில் 54 நோயாளிகளிடம் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் பாதிப்பேருக்கு ஸ்டீரொயிட்டும் மீதிப்பேருக்கு உப்புநீரும் மூட்டுக்குள் போட்டார்கள். இரு பகுதியினருக்கும் நோ குறைந்தது. ஸ்டீரொயிட்டுக்கு மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை. பக்கவிளைவுகள்தான் அதிகம்.

எம்மவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டீரொயிட் ஊசிக்குப் பிறகு சில நாட்களுக்கு இரத்தத்தில் சீனி ஏறலாம். எமது குழுவிலேயே ஒருவருக்குத் தோளில் இந்த ஊசி போட்ட அன்றிரவு சீனி ஏறி, இயந்திரம் பழுதோ என்று மூன்று தடவை விரலில் குத்திப் பார்த்தார். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டார். மற்றையது, ஊசி போட்ட இடத்தில் தோல் வெளிறி ஒரு புள்ளியாகத் தெரியலாம், கீழே உள்ள கொழுப்புக் கரைந்து சிறு பள்ளம் விழலாம். கறுத்த தோலில் இது பளிச்சென்று தெரியும். முகத்தில் போடும் ஊசி என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மூட்டில் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பும் எலும்பும் பாதிக்கப்படலாம். வளரும் பிள்ளைகளுக்குத் தாடை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும் என்பதால் விசேட நிபுணரே முடிவெடுக்க வேண்டும்.

*ஹயலூரோனிக் அமிலம்.* மூட்டுக்குள் இயற்கையாகவே இருக்கும் வழுவழுப்பான பொருள் இது. 1934இல் மாட்டுக் கண்ணிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. எண்ணெய் விட்ட பிணைச்சல் போல மூட்டு வழுக்கிப் போக உதவும் என்ற எண்ணத்தில் போடுகிறார்கள். ஒரு தடவையோடு நிற்பதில்லை. சில வார இடைவெளியில் பல தடவை போடும் வைத்தியர்களும் உண்டு. ஸ்டீரொயிட் போலச் சீனியை ஏற்றாது, தோலை வெளிறச் செய்யாது. விலை அதிகம். ஸ்டீரொயிட்டைவிட மிகவும் மேலானது என்று சொல்லப் போதிய சான்று இல்லை.

*பி.ஆர்.பி.* சகோதரியின் மச்சாள் போட்டது இதுவாக இருக்க வேண்டும். கையிலிருந்து இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றி, இரத்தவட்டுக்கள் செறிந்த மஞ்சள் நிறப் பகுதியை மட்டும் பிரித்து மூட்டுக்குள் போடுவார்கள். அதில் உள்ள வளர்ச்சிப் பொருட்கள் மூட்டைச் சீராக்கும் என்பது எதிர்பார்ப்பு. தன் இரத்தமே என்பதால் ஒவ்வாமை அரிது. சில சிறிய ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. ஆனால் எவ்வளவு இரத்தம், எத்தனை சுழற்சி, எத்தனை ஊசி என்பது இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஓரிடத்தில் போட்டதும் இன்னோரிடத்தில் போடுவதும் ஒரே மருந்து என்று சொல்ல முடியாது. போட்டு ஓரிரு நாட்களுக்கு நோ கூடுவதும் உண்டு.

*மூட்டைக் கழுவுதல்.* இதை ஊசி மருந்து என்று சொல்ல முடியாவிட்டாலும் ஊசியால் செய்வதுதான். மூட்டின் மேல் அறைக்குள் இரண்டு ஊசிகளை இறக்கி, ஒன்றின் வழியாக உப்புநீரை விட்டு மற்றதன் வழியாக வெளியே எடுப்பார்கள். 1991இல் டொரிற் நிற்சான் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் உடன் பணியாற்றியவர்களும் இம்முறையை விவரித்து எழுதினர். திடீரென வாய் பூட்டிக்கொண்டு திறக்க முடியாமல் போனவர்களுக்காகவே அவர்கள் அதைச் செய்தார்கள். கழுவி முடித்தபின் ஸ்டீரொயிட்டோ ஹயலூரோனிக் அமிலமோ பி.ஆர்.பி.யோ உள்ளே விடுவதும் உண்டு. முகச் சத்திரசிகிச்சை நிபுணரே இதைச் செய்ய வேண்டும்.

மூட்டுக்குள் எதைப் போட்டாலும் சில பொதுவான விளைவுகள் உண்டு. ஓரிரு நாட்கள் வீக்கமும் நோவும், பற்கள் சரியாகச் சேராதது போன்ற உணர்வும் இருக்கலாம். விறைப்பு மருந்து முகநரம்பில் பட்டால் சில மணி நேரம் கண்ணை மூட முடியாமல் போகும், பின்னர் சரியாகிவிடும். கிருமி தொற்றுவது அரிது. ஆனால் காய்ச்சலும் கூடிக்கொண்டே போகும் வீக்கமும் வந்தால் உடனே அறிவிக்க வேண்டும்.

கழலும் மூட்டுக்குப் போடும் ஊசிகள்

இங்கே நோக்கம் வேறு. தளர்ந்த இணைப்பு இழைகளைச் சற்று இறுகச் செய்ய வேண்டும். அதற்காகச் செறிவான குளுக்கோஸ் கரைசலை மூட்டைச் சுற்றிப் போடுவார்கள். அல்லது நோயாளியின் இரத்தத்தையே எடுத்து, எதையும் பிரிக்காமல் மூட்டுக்குள்ளும் சுற்றிலும் போட்டு, சில நாட்கள் தாடையை அசையாமல் கட்டிவைப்பார்கள். உள்ளே உண்டாகும் சிறு தழும்பு மூட்டைப் பிடித்துக்கொள்ளும். அடிக்கடி தாடை கழன்று அவசரப் பிரிவுக்கு ஓடுபவர்களுக்குப் பெரிய சத்திரசிகிச்சைக்கு முன்னர் முயன்று பார்க்கக்கூடிய எளிய வழி இது. தசை நோ உள்ளவர்களுக்கு இதனால் பயன் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்தால்

இவ்வளவையும் படித்த பிறகு, "சரி, கடைசியில் எது நல்லது?" என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கு எமக்குப் பக்கத்து ஊரிலிருந்தே பதில் வந்திருக்கிறது. ஹமில்ரனில் உள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று, பல நாட்டு நிபுணர்களும் நோயாளிகளும் சேர்ந்து தயாரித்த வழிகாட்டி 2023 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் தாடை நோவுக்கு எந்தச் சிகிச்சை பயன் தருகிறது என்று ஒப்பிட்டார்கள்.

அவர்கள் உறுதியாகப் பரிந்துரைத்தவற்றில் ஒரு ஊசியும் இல்லை. பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் தாடைப் பயிற்சியும் கழுத்து நிலைப் பயிற்சியும், கையால் தாடையை அசைத்துத் தசை முடிச்சுகளை அழுத்தி இளக்குதல், வீட்டுப் பயிற்சியும் விளக்கமும், நோவைச் சமாளிக்கும் மனப் பயிற்சி ஆகியவையே பரிந்துரைக்கப்பட்டன. பொட்டொக்ஸ், ஸ்டீரொயிட், ஹயலூரோனிக் அமிலம், முடிச்சு ஊசி, மூட்டைக் கழுவுதல் ஆகிய அனைத்தும் 'பொதுவாகப் போடாமல் விடுவது நல்லது' என்ற வரிசையில் வந்தன. கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் வகைத் தட்டுக்களுக்கு எதிராக இன்னும் கடுமையாக எழுதியிருக்கிறார்கள்.

இதன் பொருள் ஊசி யாருக்குமே உதவாது என்பதல்ல. நாட்பட்ட நோ உள்ள பெரும்பாலானோருக்கு ஊசி முதல் வழி அல்ல என்பதே பொருள். திடீரெனப் பூட்டிக்கொண்ட தாடை, வாத அழற்சி, அடிக்கடி கழலும் மூட்டு ஆகியவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். அங்கே ஊசிக்கு இடம் உண்டு.

"ஊசி போட்டு எனக்குச் சுகம் வந்ததே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தாடை நோ கூடிக் குறையும் இயல்புடையது. மிகவும் கூடிய நேரத்தில்தான் நாம் ஊசிக்குப் போகிறோம். அதற்குப் பிறகு அது எப்படியும் சற்றுக் குறையும். சுவீடன் ஆய்வில் உப்புநீர் போட்டவர்களுக்கும் சுகம் வந்ததை நினைவில் வையுங்கள்.

முதலில் செய்ய வேண்டியவை

உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும். சாப்பிடாத நேரத்தில் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது. குளிர்சாதனப் பெட்டியிலும் கைத்தொலைபேசியிலும் ஒரு நிறப் பொட்டு ஒட்டிவையுங்கள். அதைக் காணும்போதெல்லாம் பல்லைப் பிரியுங்கள்.

நாக்கு நுனியை முன் மேற்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் வைத்து, நாக்கு விலகாமல் வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். ஆறு தடவை, நாளொன்றுக்கு ஆறு முறை. சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துவாயைக் கன்னத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள். கொட்டாவி வரும்போது நாடிக்குக் கீழே கையை முட்டுக் கொடுங்கள். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக் கதைக்காதீர்கள்.

நோ கூடிய நாட்களில் இடியப்பமும் சொதியும், குழைத்த சோறு, கஞ்சி போதும். முறுக்கு, கச்சான், இறைச்சி எலும்பு, சூயிங்கம் வேண்டாம். நோ குறைந்ததும் சாதாரண உணவுக்குத் திரும்புங்கள். மாதக்கணக்கில் மெல்லாமல் இருப்பதும் நல்லதல்ல.

தாடையைப் பார்க்கும் பயிற்சி பெற்ற உடற்பயிற்சிச் சிகிச்சையாளரை ஒன்ராறியோவில் வைத்தியரின் கடிதம் இல்லாமலே நாடலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் அரச நிதி பெறும் நிலையங்களில் தகுதி உண்டா என்று குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். வேலையிடக் காப்புறுதி உள்ளவர்கள் அதையும் பாருங்கள். ஊசிக்குக் காசு தராத பல காப்புறுதிகள் இதற்குத் தருகின்றன.

மனப் பயிற்சி என்றதும் "எனக்கென்ன விசரா?" என்று கோபிக்க வேண்டாம். இரவு வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் இருக்கும் பெற்றோர் என்று எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிறோம் என்று நாமே சொல்கிறோம். நம்மில் பலர் உண்மையாகவே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஊசிதான் என்று வைத்தியர் சொன்னால் கேட்க வேண்டியவை

1. எனது நோ தசையிலிருந்தா, மூட்டிலிருந்தா? எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?

2. பயிற்சிச் சிகிச்சையை முழுமையாகச் செய்து பார்த்துவிட்டோமா?

3. எந்த மருந்து, எந்த இடத்தில், எத்தனை தடவை? எத்தனை நாளில் பலன் தெரிய வேண்டும்? தெரியாவிட்டால் நிறுத்துவோமா?

4. இந்த ஊசியைத் தாடைக்கு நீங்கள் அடிக்கடி போடுகிறீர்களா?

5. மொத்தச் செலவு எவ்வளவு? காப்புறுதி எவ்வளவு தரும்? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

நீங்களாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. நீரிழிவு, கர்ப்பம், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் மருந்து, ஒவ்வாமை, பாக்குப் பழக்கம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். இரத்த மாத்திரையை ஊசிக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அந்தச் சகோதரிக்கு என்ன ஆயிற்று?

அவருக்கு இருந்தது தசை நோ. குடும்ப வைத்தியரிடம் போய் உறுதிசெய்துகொண்டு, வேலையிடக் காப்புறுதியில் உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போனார். விலை எழுதிய காகிதத்தை எறியவில்லை. மூன்று மாதம் கழித்துத் தீர்மானிப்போம் என்று எடுத்துவைத்தார். நோ முழுதாகப் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. தொடர்ந்து இரவு வேலை வந்தால் இன்னும் வருகிறதாம். ஆனால் மெதுவாக மென்றால் கொத்துரொட்டி சாப்பிட முடிகிறது, கொட்டாவிக்குப் பயமில்லை, ஊசி இன்னும் போடவில்லை. வேறொருவருக்கு ஊசிதான் சரியான வழியாக இருக்கலாம். அவர் அதை அறிந்து போட்டுக்கொண்டால் எமக்கும் மகிழ்ச்சியே.

அவர் கடைசியாகக் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. "அப்பாவுக்கும் வாய் சரியாகத் திறக்குதில்லை, வயசுக்கு வாற மூட்டு வருத்தம் எண்டு விட்டிட்டம். அவர் ஊரிலிருந்தே பாக்குப் போடுறவர்" என்றார். அப்பாவை வாய் நோய் விசேட நிபுணரிடம் காட்டும்படி உடனே சொன்னோம். அடுத்த வாரத்துக்கு நாள் கிடைத்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் இன்றைக்கே மூன்று விரல் சோதனையைச் செய்து பாருங்கள். கேள்விகள் இருந்தால் சங்க அலுவலகத்துக்கு எழுதியனுப்புங்கள். பெயர் வெளியிடாமல் அடுத்த இதழ்களில் பதில் தருவோம்.



மருத்துவப் பகுதிக் குழு